ஏணி ஏறித் தெருவுக்குப் போகிற வீடு

திருக்கோகர்ணம்,
விளம்பி வருஷம், புரட்டாசி மாதம் 6ஆம் தேதி, திங்கட்கிழமை.

என் கூடப் பிறந்த ஒரே தம்பி ரெங்கராஜுக்கு, நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அக்காள் அழகம்மாள் எழுதுவது. இங்கே நானும் பேத்தி செவந்தியும் சுகம். என் முழங்கால் சுகமாக இல்லாததற்குக் காரணம் கீழே வரும். அங்கே கீரனூரில் நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகளும் சுகந்தானே. உன் பெண்சாதியின் சுகத்தைக் கேட்பது முறை, ஆகையால் கேட்டிருக்கிறேன். விய வருஷம் தை மாதம் உனக்கு நான் கவர் வாங்கி நாலு பக்கம் எழுதினேன். நீ ஒரு கார்டில் ஆறு வரி எழுதினாய். அதில் இரண்டு வரி மழையைப் பற்றி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எட்டு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் ஏன் என்று கேட்கவில்லை. அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிவிக்கவே முதலில் எழுதினேன்.

விஷயம் என்னவென்றால், நான் திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு வாங்கினேன். அதில் ஏமாந்தேன். ஏமாற்றியவன் திருப்பதி என்று ஒரு தரகன். நீ முப்பது வருஷமாகப் பதிவு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன், உனக்குச் சட்டம் தெரியும். வந்து அவன் மேல் கேஸ் போட வேண்டும். கூடப் பிறந்தவன் பத்திரம் எழுதுகிறவனாக இருக்கும்போது வாங்குவதற்கு முன்னால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். துன்மதி வருஷம் நல்லதம்பிக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய பிள்ளையை, நீ வந்து சேராததால் யாரோ ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். நீ வந்தபோது பிள்ளை அழுது முடித்துத் தூங்கிவிட்டது. அன்றைக்கு உன்னை எதற்கும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். முப்பத்தேழு வருஷம் காப்பாற்றிய முடிவை ஒரு வீட்டுக்காக மாற்றுவானேன் என்று இருந்துவிட்டேன்.

வீடு எதற்கென்று கேட்பாய். என் மகன் நல்லதம்பியின் மூத்த பெண் செவந்தி எட்டாம் வகுப்பு பாஸ் செய்தாள். கணக்கில் அவள்தான் முதல். ஊரில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. நல்லதம்பி, போதும், அடுத்த வருஷம் அவன் மச்சினனுக்கே கட்டிக் கொடுத்துவிடலாம் என்றான். அந்த மச்சினனை நான் பார்த்திருக்கிறேன், சாப்பிடும்போது மட்டும் கண்ணைத் திறப்பான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இவளாவது வேகமாகப் படிக்கட்டும் என்று, நம் அய்யா எனக்குச் சீதனமாகக் கொடுத்த கடலைக் கொல்லையை விற்றேன். டவுனில் ஒரு வீடு வாங்கி நான் அவளை வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று நல்லதம்பியிடம் சொன்னேன். அவன், "ஆத்தா, வீடு வாங்குறது வெஞ்சனத்துக்குக் காய் வாங்குற மாதிரி இல்ல. நல்லாப் பாத்து வாங்கு. ஏமாந்துட்டு வந்தா அன்னைக்கே செவந்தியக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான். சரி என்றேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

தரகன் திருப்பதி வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு வந்துதான் பேசுவான், அந்த மரியாதை உண்டு. அவனிடம் நான் முதல் நாளே ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். உனக்கே தெரியும், சுபானு வருஷம் உழவு மாடு வாங்கப் புறப்பட்டபோது என் கொழுந்தனார் படியிறங்கும்போதே "வெத்தலை இல்லையே" என்றார். அந்த மாடு பொங்கலைப் பார்க்கவில்லை. அதிலிருந்து நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அந்தச் சொல்லை நான் காதில் வாங்குவதில்லை. ஆகையால் திருப்பதியிடம் சொன்னேன்.

"இந்தாப்பா, நான் போறது நல்ல காரியத்துக்கு. இல்லை, கெடையாது, முடியாதுன்னு ஒரு சொல்லு என் காதுல விழுகக் கூடாது. விழுந்துச்சு, அந்த எடத்துலயே திரும்பிருவேன்."

"ஆத்தா, சில சங்கதிய அந்தச் சொல்ல விட்டுப்புட்டுச் சொல்ல வழி வேணுமே."

"வழி தெரிஞ்சாச் சொல்லு. தெரியாட்டி சும்மா வா."

"பெறகு என்னையக் கொறை சொல்லக் கூடாது."

"இந்தா பாரு, இப்பவே கூடாதுன்னுட்ட. அதையுஞ் சேத்துக்க."

அவன் குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினான். அப்போதே எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை திருமயத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் பக்கத்து ஆளிடம் "சில்லறை இல்லை" என்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை வேறு கண்டக்டர். அவனும் அதையே சொன்னான். நயா பைசா வந்த நாளிலிருந்து பஸ்ஸில் அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல்லே கிடையாது போலிருக்கிறது. மூன்றாவது வெள்ளிக்கிழமை இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மணி பத்து. பத்தரைக்கு ராகு காலம். அரை மணியில் வீடு பார்த்தாக வேண்டும். திருப்பதி ஒரு கேட்டைத் திறந்தான். முன்னால் ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடந்தது, அதன் பக்கவாட்டில் நாலடிச் சந்து. சந்தின் கோடியில் நாம் பார்க்க வந்த வீடு. எட்டடி நடந்ததும் எனக்கே ஒரு சந்தேகம் தோன்றியது, பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏப்பா, இந்தச் சந்து நம்ம வீட்டுதா?"

"வலது காலை வச்சு வாங்க ஆத்தா."

"கேட்டுத் தொறவுகோலு யாருகிட்ட இருக்கும்?"

"மகராசியாப் பொழங்குற கையில இருக்கு ஆத்தா."

"நம்ம வீட்டுத் தெருவாசல் எங்கிட்டு இருக்கு?"

அவன் அண்ணாந்து பார்த்து, "கருடன் ஆத்தா! கும்புட்டுக்கங்க" என்றான். நிஜமாகவே கருடன். மூன்று சுற்றுச் சுற்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கருடனே வந்த பிறகு தெருவாசலைக் கேட்பது மரியாதையா? பிறகு மீதிப் பொழுதை அடி அளப்பதில் செலவழித்தேன். குதிகாலும் பெருவிரலும் ஒட்டினாற்போல் வைத்து நடந்து பார்த்தால் கூடம் நீளம் இருபத்தொன்று, அகலம் பதினாறு. மனையடி சாஸ்திரத்தில் இரண்டும் கொழிக்கிற அளவு. கிணறு பார்த்தேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தரைக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்து, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினவர் உன் வயசுக்காரர். ஆனால் உன் மாதிரி அலட்டுகிறவர் அல்ல. முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். மூன்றாவது வரியிலேயே "யாதொரு வில்லங்கமும்" என்று இழுத்தார். அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியாதா? இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அந்தச் சொல் வருகிற வரியை எல்லாம் விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, பத்திரத்துல முக்கியமானதெல்லாம் அந்தச் சொல்லுலதான் முடியும்."

"அப்ப முக்கியமானத விட்டுப்புட்டு மத்தத வாசிங்க."

வாசித்தார். என் பெயர், விற்றவர் பெயர், நாலு எல்லை, கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். அழகாக இருந்தது. திருப்பதி பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் கைநாட்டு வைக்கிறவள் அல்ல என்று காட்டுவதற்காக, 'ழ' போட நேரம் பிடித்தாலும் பரவாயில்லை என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

ஆனி மாதம் பால் காய்ச்ச வந்தேன். ஒரு கையில் பால் செம்பு, ஒரு கையில் செவந்தி. கேட்டருகே முன்வீட்டுக்காரி முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் என்கிறாய்? சொர்ணவல்லி. என் ஓரகத்தி, பங்காளி பெண்சாதி, அதே சொர்ணவல்லி! தாது வருஷம் அவள் தங்கை வளைகாப்புக்கு என் பித்தளைத் தவலையை இரவல் வாங்கிப்போய், எலுமிச்சம்பழம் அளவுக்கு நெளித்துக் கொண்டுவந்து வைத்தாள். கேட்டால், "குடுக்கும்போதே இருந்த நெளிசல்தானே, பாத்துக் குடுத்திருக்கலாமேக்கா" என்றாள். பந்தியில் பத்துப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு மூடின வாயை அவளிடம் நான் திறந்ததில்லை. அவள் பெயரையே என் முன்னால் யாரும் எடுக்கக் கூடாது என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் கட்டளை போட்டிருந்தேன். எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதனால்தான் அவள் திருக்கோகர்ணத்துக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகியும் எனக்குத் தெரியவில்லை. நான் வீடு பார்த்த அன்று அவள் தன் மகளின் பிரசவத்துக்காக அறந்தாங்கி போயிருந்தாளாம்.

அவள் எழுந்து நின்றாள். "வாங்கக்கா. பால் காய்ச்ச வந்தீங்களா? நல்லாருங்க. இந்தச் சந்து எங்களுது. போறப்ப வாரப்ப ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. வேறொண்ணும் வேணாம்" என்றாள்.

கேட்டாயா தம்பி? காசு கேட்டால் கொடுத்துவிடுவேன். வார்த்தை கேட்கிறாள். பால் கையில் இருந்ததால் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பால் பொங்கியது. அதன் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். வீட்டுக்கு மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் அவள் சந்து. தெரு என்பது எந்தப் பக்கமும் கிடையாது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் கிபாயத்துல்லா பாயின் கருவாட்டுக் கிடங்கு. ஜெகதாப்பட்டினத்திலிருந்து மூட்டை வரும். என் பக்கம் ஒரு மூங்கில் ஏணி சாத்தினேன். அந்தப் பக்கம் பாய் தங்கமான மனுஷர். சுவர் மேலே என் தலையைக் கண்டதும் ஒரு கள்ளிப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். "பாத்து எறங்குங்க ஆத்தா. அது நெத்திலி மூட்டை, அமுங்கிரும். இங்கிட்டு வைங்க, இது சுறா, தாங்கும்" என்று ஒவ்வொரு தடவையும் வழி சொல்வார். மூன்று மாதமாக நான் கோயிலுக்குப் போவதும் காய் வாங்கப் போவதும் சுறா மேல் கால் வைத்துத்தான். வெள்ளிக்கிழமை தலைமுழுகி, மடியாகப் புடவை கட்டி, பூவும் தேங்காயும் எடுத்துக்கொண்டு கிடங்கில் இறங்கி ஏறிப் போனால், கோயில் வாசல் வரைக்கும் பின்னாலேயே ஏழெட்டுப் பூனை வருகிறது. குருக்கள் விபூதியை மூன்று அடி தள்ளி நின்று போடுகிறார். முழங்கால் வலிக்குக் காரணமும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

செவந்திக்கு மானம் கிடையாது. காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வாரேன் சின்ன அப்பத்தா" என்று கூவிக்கொண்டு சந்து வழியாகவே பள்ளிக்கூடம் போகிறாள். வரும்போது சொர்ணவல்லி கொடுத்த முறுக்கோடு வருகிறாள். நான் தொடுவதில்லை. உடைந்ததை மட்டும், வீணாகப் போகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்வேன். முறுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பது எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது.

ஆவணியில் திருப்பதியை வரவழைத்தேன். அவன் சொர்ணவல்லியிடம் சொல்லிவிட்டுச் சந்து வழியாக வந்தான், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பாய் சுவர் மேலே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, வழி கெடையாதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஆத்தா, மூணு தடவை வாயெடுத்தேன். வீட்டப் பாக்க வந்தப்ப ஒருக்கா. நீங்க கைய ஓங்குனீங்க. பஸ்ஸுக்கு நின்னப்ப ஒருக்கா. பஞ்ச எடுத்து வச்சுக்கிட்டீங்க. பதிவு ஆபீஸ்ல ஒருக்கா. 'வாயத் தொறந்தா வாங்க மாட்டேன்'னீங்க. எனக்கும் நாலு காசு கெடைக்கணும் ஆத்தா. மூணு தடவைக்கு மேல ஒரு தரகன் நல்லவனா இருக்க ஏலாது."

"கருடனக் காட்டி என்னைய ஏமாத்துன."

"கருடன் வந்துச்சா வல்லையா?"

வந்தது வந்ததுதான். பாய் குறுக்கே வந்தார். "ஆத்தா, தப்பா நெனைக்காதீங்க. எங்கிட்டக் கருவாடு எடுக்க வர்ற ஆளு மூட்டைய அடிவரைக்கும் குத்திப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க, நாக்குலயும் வச்சுப் பாப்பாங்க. கால் மூட்டை நெத்திலிக்கு அம்புட்டுப் பாக்குறாங்க. நீங்க வீட்டக் காதப் பொத்திக்கிட்டு வாங்கியிருக்கீங்களே."

"பாய், நீங்க பொட்டிய மட்டும் பாத்துக்கங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். அன்றைக்கு முழுதும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை.

இப்போது அவசரம் என்னவென்றால், வீட்டுக்கு வழி இல்லாத சங்கதி எப்படியோ நல்லதம்பி காதுக்குப் போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறேன், கேட்டது நிஜமானால் கையோடு செவந்தியைக் கூட்டிப்போகிறேன் என்று கார்டு போட்டிருக்கிறான். செவந்தி கார்டைப் படித்தாள். கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாத் தடவையும் விடை சரியாகத்தான் வந்தது. நீ வியாழக்கிழமைக்குள் வந்து கேஸ் போட்டுவிட்டால், ஏமாந்தது நான் இல்லை, ஏமாற்றியது அவன் என்று கோர்ட்டு மூலமாக நல்லதம்பிக்குச் சொல்லிவிடலாம்.

நீ சட்டப்படி தயாராகி வர, பத்திரத்திலிருந்து வேண்டிய வரிகளைப் பார்த்து எழுதி அனுப்பலாம் என்று இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். வாங்கி நாலு மாதத்தில் முதல் தடவையாக விரல் வைத்துப் படிக்கிறேன். இரண்டாம் பக்கம் அடியில் இப்படி இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன்: "மேற்படி மனைக்குத் தெருவுக்குப் போக வரத் தனியாக வழிநடைப் பாத்தியம் இல்லை என்பதைக் கிரயம் வாங்குகிறவர் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டு சம்மதித்திருக்கிறார்." அதற்கு நேர் கீழே 'அழகம்மாள்' என்று கையெழுத்து. 'ழ' நன்றாகவே விழுந்திருக்கிறது.

இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றுவிட்டு வந்தேன். இருந்தாலும் தம்பி, எழுதிவிட்டால் ஆயிற்றா? எழுதியிருப்பதைப் படிக்க வைப்பது யார் பொறுப்பு? எனக்குப் படித்துக் காட்டாதே என்று நானே சொன்னாலும், நல்ல தரகனாக இருந்தால் கையைக் காலைக் கட்டிப் போட்டாவது காதில் ஓதியிருக்க வேண்டாமா? இதற்குச் சட்டத்தில் ஏதாவது இடம் இருக்கும். சட்டத்தில் இடமில்லாத வஸ்து உண்டா? தேடிப் பார்த்துக்கொண்டு வா. அந்த வரியில் இங்க்கைக் கொட்டினால் கோர்ட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் விசாரித்து வா. நான் இன்னும் கொட்டவில்லை.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் தீர்க்காயுசும் குறையாத நெல்லும் பேச்சுக் கேட்கிற பிள்ளைகளும் அம்மன் கொடுக்க வேண்டும். உன் பெண்சாதிக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்காராதே, உனக்குச் சளி பிடிக்கும்.

இப்படிக்கு, உன் நல்லதையே நினைக்கிற அக்காள்,
அழகம்மாள்.

பின்குறிப்பு, புரட்டாசி 13, திங்கட்கிழமை: மேலே எழுதியதைத் தபாலில் போட முடியவில்லை. பாய் கிடங்கைப் பூட்டிவிட்டு ஜெகதாப்பட்டினத்துக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டார். செவந்தியிடம் கொடுத்தால் வழியில் படித்துவிடுவாள். அதனால் பெட்டியிலேயே இருந்தது. கேஸுக்கு நீ வர வேண்டாம். விவரம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நல்லதம்பி வந்துவிட்டான். தெருவில் நின்றுகொண்டு "ஆத்தா! ஆத்தா! வீடு எங்கிட்டு இருக்கு?" என்று கூப்பிடுகிறான். குரல் முன்வீட்டைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. ஏணி இருக்கிறது, இறங்கினால் பூட்டிய கிடங்கு. செவந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவள் பை கட்டி முடித்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் கூப்பிட்டான். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கேள்விப்பட்டது நிஜந்தான் என்று முடிவு கட்டிவிடுவான். நான் சந்தில் நடந்தேன். சொர்ணவல்லி கேட்டருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்துப் பேச்சு அல்லவா, முதலில் இருமல்தான் வந்தது.

"சொர்ணவல்லி, எம் மகன் வந்திருக்கான். ஒன் சந்து வழியா உள்ள கூட்டிட்டுப் போகவா?"

"கூட்டிட்டுப் போங்கக்கா. இதக் கேக்குறதுக்குத்தானே மூணு மாசமா வீட்டு வேலையெல்லாம் இந்த முக்காலியிலயே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு, "காலு வலி எப்படி இருக்கு?" என்றாள்.

நல்லதம்பி உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தான். "ஆத்தா, நேராச் சொல்லு. இந்த வீட்டுக்கு வழி இருக்கா?"

"இல்லை" என்றேன்.

"தரகன் ஏமாத்திட்டானா?"

நான் பத்திரத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன். "அவன் சொல்ல வந்தான், நாந்தான் விடல. இந்தா, இதுல எழுதியும் இருக்கு. நான் காதப் பொத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது. செவந்தி என்ன தப்புப் பண்ணுனா?"

அவன் அப்படியே முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, "நாப்பது வருஷத்துல உன் வாயில இப்படி ஒண்ணு கேட்டதில்ல ஆத்தா" என்றான். செவந்தியைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "அவுத்து வைய்யி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல?" என்றான். போகும்போது, வழி விடுகிறேன் என்கிற வாய்ப்பேச்சை நம்பாமல் எழுதி வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னான்.

ஆகவே நீ வர வேண்டும். கேஸ் போட வேண்டாம், சந்துக்கு வழிநடைப் பத்திரம் எழுத வா. சொர்ணவல்லி சம்மதித்துவிட்டாள். எல்லா வரியையும் எழுது, 'இல்லை' வருகிற வரியைப் பெரிய எழுத்தில் எழுது, நான் முழுதும் வாசிக்கக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். முத்திரைத்தாள் வாங்கித் தருகிறேன் என்று திருப்பதி சொல்லியிருக்கிறார். அவரே உன்னைப் பஸ்ஸடியில் வந்து அழைத்து வருவார், மேலே அவரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவரிடம் முகத்தைக் காட்டாதே. உன் பெண்சாதியும் வரலாம்.

சொர்ணவல்லி இப்போது என் எதிரிலேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பிக்கு என்ன எழுதினீங்க, வாசிங்க என்றாள். வாசித்தேன். தவலை, முறுக்கு, அவளைப் பற்றி இருந்த மற்றதெல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன். முடித்ததும், "எட்டுப் பக்கம் திருப்புனீங்க, அஞ்சு பக்கத்துக்குத்தான் பேச்சு வந்துச்சு" என்றாள். பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்! "இருக்கட்டும். நாலு மணிக்குச் செவந்தி வந்துருவா. அவ ஒருக்கா முழுசா வாசிக்கட்டும், பெறகு ஒட்டலாம்" என்று சொல்லிவிட்டு, காலை நீட்டிச் சாவகாசமாக வெற்றிலை போடுகிறாள்.

இப்போது மணி மூன்றேகால். மூன்றரைக்குத் தபால்காரர் வருவார். இந்தக் கடுதாசி உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவர் முந்திக்கொண்டார் என்று தெரிந்துகொள்.